டெஸ்ட் லேம்ப் அக்கா

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. வருகிற கூட்டத்துக்காக மாடியில் தகரக் கொட்டகை போட்டு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லாட்ஜ் மேனேஜரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெயின் ஆஃப் பண்ணியாச்சும்மா. நீங்க வேலையப் பாருங்க."

"யாரு பண்ணது?"

"நம்ம வாட்ச்மேன்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"அவன் சொன்னான்மா."

அந்தப் பெண்மணி ஒயர்ப் பக்கம் போனார். இரண்டு பல்புகளைச் சேர்த்துக் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்று அவர் தோளில் எப்போதும் தொங்கும். அதன் ஒரு முனையைக் கொட்டகைக்கு இழுத்த ஒயரிலும் இன்னொன்றைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். இரண்டு பல்பும் மங்கலாக எரிந்தன. வாட்ச்மேன் அணைத்தது வேறு மாடியின் மெயினை. மேனேஜர் கொட்டகைக் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மோட்டாருக்கும் ஃபேனுக்கும் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை ஒன்றை அவர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வைத்திருந்தார். ஒயரிங் வேலைக்கும் போவார். ஊரில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டெஸ்ட் லேம்ப் அக்கா என்றால் தெரியும். நானும் அப்படித்தான் விசாரித்துக்கொண்டு போயிருந்தேன். எங்களுக்கு ஒரு வண்டிக்கு ஒயரிங் செய்ய வேண்டியிருந்தது.

வண்டி என்றால் இஞ்சின் உள்ள வண்டி இல்லை. செங்கம் சாலையில் ஒரு மாந்தோப்பில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நாலைந்து வருஷம் தங்கியிருந்தது. அவர்கள் வீடே ஒரு கேரவன்தான். அலுமினியத் தகடு போர்த்திய, இரண்டு சக்கரம் வைத்த வீடு. ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். வயதாகி ஊர் திரும்பும்போது அதை எங்கள் சிறிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் தலைவர் பல் டாக்டர். கட்டிலையும் அடுப்பையும் பிடுங்கிவிட்டு நாற்காலி, விளக்கு, காற்று அழுத்தும் கம்ப்ரஸர், கருவிகளைச் சூடுபடுத்தும் பெட்டி எல்லாம் வைத்துக் கிராமம் கிராமமாகப் போவது என்று முடிவு செய்தார். போகிற இடத்தில் பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து ஆபீஸிலோ கரண்ட் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர்களைப் பேசி வைப்பதும், முகாம் அன்று எல்லாவற்றையும் கவனிப்பதும் என் வேலை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

அக்கா வந்து கேரவனை ஒரு சுற்றுச் சுற்றினார். படியோரத்துக் கைப்பிடியைத் தடவினார். டயரைக் காலால் தட்டினார்.

"வீடு மண்ணுல நிக்குது சார். இது ரப்பர்ல நிக்குது. உள்ள ஒரு ஒயர் தோல் உரிஞ்சு தகட்டுல பட்டாக்கூட உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ நின்னுக்கினு இந்தக் கைப்பிடியத் தொடறவங்களுக்குத்தான் தெரியும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளை நீளப் பலகையை எடுத்துக் காட்டினார். ஐந்தாறு துளைகளும் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. கேரவனோடு வந்தது.

"அதுக்குத்தான் இது இருக்கே. எவ்ளோ கரண்ட் வந்தாலும் தாங்கும். வெளிநாட்டுல எல்லாம் இதான்."

"தாங்கினத நீங்க பாத்தீங்களா டாக்டர்?"

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரிடம் பேசுகிற எல்லோருக்கும் அந்தக் கேள்வி ஒருமுறையாவது சுருக்கென்று தைத்திருக்கும்.

அவர் கேட்டது மூன்று சாமான்கள். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் தானாக அணைந்து, மூன்று நிமிஷம் பொறுத்து, சரியான பிறகே திரும்பக் கொடுக்கிற கட்-ஆஃப். கரண்ட் எங்காவது கசிந்தால் உடனே விழுகிற ஸ்விட்ச். போகிற ஊரில் எல்லாம் மண்ணில் அடித்து எர்த் கொடுக்க ஒரு செம்புத் தடி. முதல் இரண்டையும் ஒரே மரப்பெட்டிக்குள் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

வாங்குவதற்குச் சென்னைக்கு நானும் அவரும் பஸ்ஸில் போனோம். மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினோம். எந்தக் கடையிலும் அவர் விலை கேட்கவில்லை. "ஏத்திக் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். கடைசியாக ஒரு கடையில் வோல்டேஜை ஏற்றி இறக்குகிற கைப்பிடி வைத்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"மேலயே எழுதிருக்கும்மா. படிச்சுப் பாருங்க."

"எழுதினவர் இங்க இருக்காரா?"

"கம்பெனிக்காரன் எப்படிம்மா இங்க இருப்பான்?"

"அப்ப நீங்க ஏத்துங்க. நான் பாக்கறேன்."

டாக்டரின் வெள்ளைப் பலகையையும் பையில் கொண்டுவந்திருந்தார். முதலில் அதில் ஒரு பல்பை மாட்டச் சொன்னார். கடைக்காரர் கைப்பிடியைத் திருகத் திருக பல்பு வெள்ளையாகி, பிறகு நீலமாகி, டப்பென்று வெடித்தது. பலகையின் சிவப்பு விளக்கு கடைசிவரை சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

"இது மின்னல் மாதிரி சட்டுனு வந்துட்டுப் போறதத்தான் தடுக்கும் சார். நம்மூர்ல வர்றது வேற. டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரல் ஒயர் அறுந்துச்சுன்னா இருநூத்து முப்பது வர வேண்டிய இடத்துல நானூறு கிட்ட வரும். வந்து நிக்கும். போகாது," என்றார் அக்கா.

பிறகு நான்கு விதமான கட்-ஆஃப்களை ஏற்றிப் பார்த்தார். ஒன்று அணையவே இல்லை. ஒன்று அணைந்தது, உடனே திரும்ப வந்துவிட்டது. மூன்றாவது சரியாக இருந்தது. அதையே பத்துத் தடவை செய்து பார்த்தார். கடைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "எங்க கடைக்கே வந்துருங்கம்மா" என்றார்.

கரண்ட் விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர் என்றேன். அவர் தலையாட்டவில்லை. சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே மலையை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தாராம். "கொஞ்சம் கம்மியாத்தான் வருது சார். ஒருவேளை நடுவுல எண்ணிக்க விட்டுட்டனோ என்னவோ. இன்னொரு தபா உருட்டணும்."

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றும் தோன்றவில்லை.

பல் வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் ஆறேழு மாதம் அவரும் கூட வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்து ஸ்விட்ச் போர்டுக்குப் போவார். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார். தடியை முழுக்க அடிப்பார். மண் காய்ந்திருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார். மரப்பெட்டியை மாட்டுவார். கடைசியாக, வெறும் காலோடு தரையில் நின்று, புறங்கையால் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார். அதன்பிறகே முதல் நோயாளியை ஏறவிடுவார். பார்த்துப் பார்த்து எனக்கும் எல்லாம் பழகிவிட்டது. "சாரே பாத்துப்பாரு" என்று அவர் டாக்டரிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் வாயிலிருந்து வேறு யாரைப் பற்றியும் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

அது பங்குனி மாதம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற சமயம். ஆனாலும் பள்ளிக்கூடத்து வாசலில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மண் கல்லாக இறுகியிருந்தது. செம்புத் தடி ஒரு சாண் இறங்கியதும் நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பதினோரு மணியிலிருந்து பெட்டி அணைய ஆரம்பித்தது. வோல்டேஜ் ஏறும், பெட்டி அணையும், மூன்று நிமிஷம் காத்திருப்போம், வரும், பத்து நிமிஷத்தில் மறுபடி அணையும். டாக்டர் பல்லைப் பாதி பிடுங்கியிருக்கும்போது விளக்கு போகும். ஒரு பெரியவர் வாயில் ரத்தத்தோடு இருட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், இத ஒண்ணு சரி பண்ணு, இல்ல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு!"

இரண்டு மணிக்கு நான் பெட்டியிலிருந்து வண்டியின் ஒயரைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிளக்கில் நேராகச் சொருகினேன்.

விளக்கு நின்று எரிந்தது. கம்ப்ரஸர் சீராக ஓடியது. டாக்டர் உள்ளிருந்து, "ஆங், இது!" என்றார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒரு மணி நேரம் என்னைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை.

மூன்று மணி சுமாருக்கு விளக்கு திடீரென்று கண்கூசும் வெள்ளையானது. பள்ளிக்கூடத்துக்குள் பல்புகள் வெடிக்கிற சத்தம் கேட்டது. கம்ப்ரஸர் உறுமிப் புகைந்தது. அந்த நேரத்தில் பல்லைக் காட்டிவிட்டு ஒரு பெண் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். வலது கையால் கைப்பிடியைப் பிடித்தபடி இடது காலைத் தரையில் வைத்தாள். ஒரு சத்தம். அது அவள் சத்தமா வண்டியின் சத்தமா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. தூக்கி எறிந்ததுபோல் போய் விழுந்தாள். அவள் கை முழங்கையில் வேறு பக்கமாக மடங்கியிருந்தது.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் பிளக்கிடம் ஓடினேன். மெயினை அணைத்தேன். அதுவரை சரி. அதற்குப் பிறகும் என் கை நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி பெட்டியில் சொருகினேன். பெட்டியின் ஒயரைப் பள்ளிக்கூடத்துப் பிளக்கில் சொருகினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா மறுநாள் காலை வந்தார். எரிந்த கம்ப்ரஸரைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஒரு கரும்புள்ளிகூட இல்லை. என்னிடம் வந்தார்.

"சார், கரண்ட் இது வழியாத்தான் போச்சா?"

"ஆமாக்கா."

"நீங்க பாத்தீங்களா?"

"நானே சொருகினேன்கா. நானே பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கேள்வி வரும் என்று நின்றேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் உளறியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியை மூடினார். யார் சொன்னதையும் எடுத்துக்கொள்ளாத மனுஷி, நான் சொன்னதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அறக்கட்டளைக் கூட்டம் நடந்தது. "பெட்டி சரியில்ல. அந்தம்மா பேச்சக் கேட்டு வாங்கினதுதான் தப்பு" என்றார் டாக்டர். "பொம்பளையக் கூப்ட்டு ஒயரிங் பண்ணச் சொன்னா இப்படித்தான் ஆவும்" என்றார் இன்னொருவர். காபி வந்தது. நான் குடித்தேன். அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். வாசல்படியில் நின்றபடியே, "தப்பு என்னுதுதான். நான் பாத்து வாங்கினதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் கண்டித்திருப்பார். வேலை போயிருக்கும். என் பயம் அவ்வளவுதான். அதற்காக ஒருவருடைய கண்ணைப் பிடுங்கிக்கொண்டேன் என்பது எனக்கு உறைக்கச் சில மாதம் ஆயிற்று. ஒருநாள் அந்தச் சந்து வழியாகப் போனேன். கடைப் பலகையில் 'ஒயரிங்' என்ற வார்த்தையின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. மோட்டார், ஃபேன் மட்டும் மிச்சம். லாட்ஜ்காரர்கள் தீபத்துக்கு வேறு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிட்டவர்களிடமும் அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். டெஸ்ட் லேம்ப் தோளில் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தச் சந்தைத் தவிர்த்தேன். பல் வண்டி நின்றுபோனது. அறக்கட்டளை கலைந்தது. எனக்கு வேறு வேலை கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டினேன். ஒயரிங் செய்ய வந்தவர் சாதாரணமாகக் கேட்டார்: "சார், ஹை வோல்டேஜ் வந்தா அணையற மாதிரி ஒண்ணு போட்டுக்கலாமா? எது போடலாம், நீங்களே சொல்லுங்க." அவரை அப்படியே நிற்க விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தேரடிக்குப் போனேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. ஃபேன் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பெட்டி வழியா போகல. நான்தான் கழட்டிட்டு நேரா குடுத்தேன்."

சுற்றுகிற கை நின்றது.

"எப்ப?"

"ரெண்டு மணிக்கு."

"திரும்ப எப்ப மாத்தினீங்க?"

"எல்லாரும் அந்தப் பொண்ணத் தூக்க ஓடினாங்க இல்ல... அப்ப."

"யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் எழுந்து பின்பக்கம் போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதே பெட்டி. தூசு இல்லாமல் இருந்தது.

"இத எத்தன தபா ஏத்திப் பாத்திருப்பேன் தெரியுமா சார்? ஒவ்வொரு தபாவும் ஒழுங்கா அணையுது. இப்ப அணையறது அன்னிக்கு ஏன் அணையலன்னு யோசிச்சு யோசிச்சு... கடைசில என் கண்ணுமேலயே நம்பிக்க போயிடுச்சு."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அன்னிக்கும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க. நானே பாத்தேன்னு. இப்ப சொல்றது மட்டும் நெஜம்னு நான் எத வெச்சு நம்பறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டரிடம் கேட்ட அதே குரலில், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவர் காயிலைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் நம்பறது இருக்கட்டும். அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

மறுநாளே அந்தக் கிராமத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் அவள் இடது கையால் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடங்காமல் விறைப்பாக மடியில் கிடந்தது. நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குப் பின்னால் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டே இருந்தது.

"அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"வருசா வருசம் பங்குனில வந்துடுவாங்க சார். கை ஒடஞ்ச அந்த வருசம் பிடுங்காம நின்ன மல்லாட்டைய அவங்கதான் வந்து பிடுங்கினாங்க. எங்க ஊட்டுக்காரரு வேணாம்னு திட்டினாரு. அப்பவும் குனிஞ்ச தல நிமிராம பிடுங்கிக்கினே இருந்தாங்க. அதுல இருந்து ஒரு வருசமும் தப்பல. நாலு நாள் இருப்பாங்க. என்கூடத்தான் படுத்துப்பாங்க. எல்லாம் பேசுவாங்க."

எனக்கு இது தெரியாது. என் தப்புக்காக அவர் பங்குனி வெயிலில் குனிந்து நின்ற வருஷங்களை எண்ணப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

அவள் கடலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பயம் இருந்தது. என்னை வைவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப இனிமே அந்தம்மா வரமாட்டாங்களா சார்?"

திரும்பி வந்து அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் காயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றார். நான் சொன்னதை நம்பினாரா இல்லையா என்று அப்போதும் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. கடைப் பலகையில் அந்த வார்த்தை திரும்ப வரவே இல்லை.

அடுத்த பங்குனியில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"போறீங்களாக்கா?"

"அவளுக்குக் கை மடங்கல இல்ல? ஆள் வேணுமே."

"நானும் வரட்டுமா?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார்.

"வேணாம் சார். நீங்க வந்தா வேலைய வுட்டுட்டு அவ உங்களுக்கு டீ போடணும்."